அலமாரி ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் தேடல்: இல்லற ஒலியியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடி. பத்துக்குப் பதினான்கு அடிக் கூடம். ஒரு சோபா, ஒரு டிவி, இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிகளைச் சுமந்தபடி ஒரு தையல் மெஷின், சுவரோரம் ஆறு தட்டு வைத்த மர அலமாரி. சென்ற ஆவணியில், துபாய் வேலையை விட்டுவிட்டு வந்த மைத்துனர், புது வீடு பார்க்கிறவரை இங்கே இருக்கட்டும் என்று ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தார். புது வீடு பார்த்தாயிற்று, பால் காய்ச்சியும் ஆயிற்று. ஸ்பீக்கர் இங்கேயேதான் இருக்கிறது.

ஒவ்வொன்றும் ஓரடி உயரம், ஐந்தரை கிலோ. பிளக்கில் செருக வயர் கிடையாது. பின்பக்கம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகுகள், அவ்வளவுதான். "வயர் அறுந்துபோச்சா?" என்று வீட்டில் கேட்கப்பட்ட கேள்வியே இவ்வாய்வின் முதல் களத்தரவாகும். தானாகப் பாடும் ஸ்பீக்கரையே பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, பாடுவதற்கு இன்னொரு பெட்டியை எதிர்பார்த்து நிற்கும் ஸ்பீக்கர் பழுதான ஸ்பீக்கராகத் தோன்றுவதில் வியப்பில்லை.

திருகுகளுக்கு மேலே ஒட்டிய தாளில் மூன்று செய்திகள் இருந்தன. இம்பிடன்ஸ்: 8 ஓம். சென்சிட்டிவிட்டி: 86 டெசிபெல். பரிந்துரைக்கப்படும் ஆம்ப்ளிஃபயர்: 25 முதல் 100 வாட். இருபத்தைந்துக்கும் நூறுக்கும் நடுவே பரந்து கிடக்கும் எழுபத்தைந்து வாட் நிலத்தில் எங்கே போய்க் குடிசை போடுவது என்பதுதான் ஆய்வுச் சிக்கல்.

கருதுகோள்: இந்த வீட்டுக்கு ஒரு வாட் போதும். எதிர்க்கருதுகோள்: ஒரு வாட்டை எவரும் விற்பதில்லை.

ஆய்வு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மாலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை கூடம் டிவி சீரியல்களின் ஆளுகைக்கு உட்பட்டது. அந்நேரம் ஆய்வுக்குப் புறம்பானது.

பெயர்க்காரணம்

இவ்வகை ஸ்பீக்கரைக் கடைக்காரர்கள் 'புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்' என்கிறார்கள். புத்தக அலமாரியில் வைப்பது என்று பொருள். இது காரணப்பெயரா இடுகுறிப்பெயரா என்பதில் ஆராய இடமுண்டு.

1954-க்கு முன்பு வீட்டில் ஆழ்ந்த பேஸ் கேட்க ஆசைப்பட்டவர் பீரோ அளவுக்கு ஒரு பெட்டியை வாங்க வேண்டும், அல்லது சுவரைக் குடைய வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், எட்கர் வில்ச்சர் என்பவர் தம்மிடம் மாலை வகுப்பில் படித்த ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கி, ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரை வெளியிட்டார். அதுவரை ஸ்பீக்கரின் கூம்பைப் பிடித்துவைத்தது அதைச் சுற்றியிருந்த விறைப்பான விளிம்பு. வில்ச்சர் அந்த விளிம்பைத் தளர்த்திவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தார். உள்ளே அகப்பட்டுக்கொண்ட காற்றே ஸ்பிரிங் ஆயிற்று. பெட்டி சிறுத்தது, பேஸ் இறங்கியது, பீரோ வீட்டை விட்டு வெளியேறியது.

இதற்கு ஒரு கப்பம் கட்ட வேண்டியிருந்தது. 1957-இல் கிளாஸ் வேறிருவரோடு தொடங்கிய கேஎல்எச் கம்பெனியின் பெயரில் கடைசி எழுத்தான 'எச்', ஆன்டன் ஹாஃப்மன் என்பவரைக் குறிக்கும். புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஜோசப் ஹாஃப்மனின் மகன். அவர் பெயரால் வழங்கும் 'இரும்பு விதி' சொல்வது இதுதான்: சின்னப் பெட்டி, ஆழ்ந்த பேஸ், சிக்கனமான தீனி என்ற மூன்றில் இரண்டைத்தான் கேட்கலாம். மூன்றும் கேட்டால் இயற்கை மறுத்துவிடும். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940களில் வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்ன் அறை மூலை முழுவதையும் அடைத்துக்கொள்ளும், ஆனால் ஒரே ஒரு வாட்டுக்கு 100 டெசிபெல்லுக்கும் மேல் முழங்கும். மாம்பலத்து ஜோடி அதே ஒரு வாட்டுக்கு 86. பதினான்கு டெசிபெல் பள்ளத்தை நிரப்ப இருபத்தைந்து மடங்கு வாட் வேண்டும். கூடத்தில் மிச்சமான இடத்துக்கு மின்சாரத்தில் வாடகை.

நம்மூர் மைக் செட்காரர்கள் இந்த விதியைப் படித்ததில்லை, ஆனால் கைவசம் வைத்திருக்கிறார்கள். புளியமரக் கிளையில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், சின்ன ஆம்ப்ளிஃபயரின் தயவிலேயே பக்கத்து ஊர் வரை மார்கழியை அறிவித்துவிடும். பேஸ் என்ற ஒன்றை அது கைவிட்டுவிட்டதால் வந்த பலம் அது.

அலமாரிக் குலத்தின் முன்னோர்களில் இன்னொருவரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1970களில் பிபிசி நிறுவனம் தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைப்பதற்கென்றே எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தது. வேனில் பெரிய பெட்டிக்கு இடமில்லை, பொறியாளரின் காதோ கைக்கெட்டும் தூரத்தில். உள்ளளவு சுமார் ஐந்து லிட்டர், அதாவது ஒரு நடுத்தர பிரஷர் குக்கர். சென்சிட்டிவிட்டி 83 டெசிபெல்லைத் தாண்டாது. இம்பிடன்ஸ் 15 ஓம். தாங்கும் சக்தி 25 வாட் என்று குறித்திருந்தார்கள். தீனியும் அதிகம் கேட்டது, அதிகம் போட்டாலும் ஆகாது. வேனுக்காகப் பிறந்த அந்தப் பெட்டியைப் பல கம்பெனிகள் பிபிசியிடம் உரிமம் வாங்கிச் செய்து விற்றன. இன்றும் அதைப் பூஜையறையில் வைக்காத குறையாகப் போற்றுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். பெரும்பாலான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களோடு வரும் கையேடுகள் ஒருமுகமாகச் சொல்லும் அறிவுரை, சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, காது மட்டத்தில், ஸ்டாண்டின் மேல் வைக்க வேண்டும் என்பது. பின்பக்கம் காற்றுத் துளை உள்ள பெட்டியை அலமாரிப் பொந்துக்குள் திணித்தால் பேஸ் குடத்துக்குள் பேசுவதுபோல் உருளும். ஆக, அலமாரி ஸ்பீக்கரை அலமாரியைத் தவிர எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். இடுகுறிப்பெயரே என்று துணியப்படும்.

பொருத்த மரபும் பம்ப்செட் மரபும்

ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஜாதகம் பார்க்கும் மரபு ஒன்று நெடுங்காலமாக உண்டு. 'இந்த ஸ்பீக்கர் கொஞ்சம் காரமான சுபாவம், அதற்குச் சாந்தமான ஆம்ப் பார்க்க வேண்டும்' என்பார்கள். 'அதற்கு வெள்ளைக்காரன் ஆம்ப்தான் ஒத்துவரும், ஜப்பான் ஆம்ப் ராசியில்லை' என்பார்கள். தினப்பொருத்தம், கணப்பொருத்தம் எல்லாம் பார்த்து, ரஜ்ஜு தட்டுகிறது என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. இம்மரபை இக்கட்டுரை மரியாதையோடு ஒதுக்குகிறது. மணமக்கள் இருவரும் பேசக்கூடியவர்கள். இங்கே ஒருவர் தள்ளுகிறார், மற்றவர் தள்ளப்படுகிறார்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் கடைக்குள் நுழைந்து "ஒரு மோட்டார் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். எடுத்துத் தர மாட்டார்கள். "கிணறு எத்தனை அடிங்க? மேல டேங்க்குக்கு எவ்வளவு தூரம் ஏத்தணுங்க? பைப்பு ஒன்றரை இஞ்சா, ரெண்டுங்களா?" மூன்று கேள்விக்கும் விடை வந்த பிறகே மூன்று ஹெச்பியா ஐந்தா என்ற பேச்சு வரும். ஆம்ப்ளிஃபயருக்கும் மூன்றே கேள்விகள்தாம். கிணற்றின் ஆழம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. டேங்க்கின் தூரம் சோபாவின் தூரம். பைப்பின் அகலம் ஓம். அந்த மூன்றையும் விட்டுவிட்டுக் குளிரூட்டிய ஆடியோ ஷோரூம்களில் நாலாவதாக ஒன்றைக் கேட்கிறார்கள்: "உங்க பட்ஜெட் எவ்வளவு சார்?" பம்ப்செட் கடைக்காரர் அப்படிக் கேட்டிருந்தால் தமிழ்நாட்டில் பாதிக் கிணறு இறைபட்டிருக்காது.

கால் வாட்டின் வரலாறு

டெசிபெல் கணக்கு மிரட்டும் கணக்கு அல்ல. வாட்டை இரட்டித்தால் மூன்று டெசிபெல் கூடும். பத்து மடங்காக்கினால் பத்து டெசிபெல் கூடும், அப்போதுதான் காதுக்குச் சத்தம் இரட்டித்ததுபோல் தோன்றும். ஐம்பது வாட் ஆம்ப்பை விற்றுவிட்டு நூறு வாட் வாங்குகிறவருக்குக் கிடைப்பது அந்த மூன்று டெசிபெல். வால்யூம் குமிழில் ஒரு சின்னத் திருப்பு.

ஆய்வாளர் இதைத் தாளில் எழுதிப் பார்த்து நிறைவடையாமல், நண்பரிடம் ஒரு பழைய ஆம்ப்பை இரவல் வாங்கி, மின்பெட்டிக்குள் கிடந்த மல்டிமீட்டரைத் தூசி தட்டி எடுத்தார். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முள்ளைச் சிவப்புத் திருகிலும் கறுப்பைக் கறுப்பிலும் பிடித்தபடி, ஸ்பீக்கருக்குப் பின்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்டது 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. வயலின்கள் கிசுகிசுப்பதும் திடீரென்று மொத்தக் கூட்டமாக எழுவதும் அதில் உண்டு.

எட்டு ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி எட்டால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். பேச்சுக்கு இடைஞ்சலில்லாத சத்தத்தில் மீட்டர் 0.3 வோல்ட்டைச் சுற்றி ஆடியது. ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்கு. கண்ணை மூடி லயித்துக் கேட்கும் சத்தத்தில் 0.8 வோல்ட், அதாவது பத்தில் ஒரு வாட்டைக்கூட எட்டவில்லை. ஆய்வாளர் குமிழை மேலும் திருகினார். 1.1. 1.3. மீட்டர் 1.4 வோல்ட்டைத் தொட்ட கணத்தில் அடுப்படியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"காது என்ன செவிடா? கீழ் வீட்டுக்காரங்க வரப்போறாங்க."

1.4-ஐ 1.4-ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் 0.245. கால் வாட். இதை 'இல்லற உச்சவரம்பு' என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. வீட்டுக்கு வீடு மாறக்கூடியது. தனி வீடு, கைக்குழந்தை இல்லாமை, மாமியார் ஊருக்குப் போயிருத்தல் ஆகிய மூன்றும் கூடினால் ஒரு வாட் வரை உயரக்கூடும் என்று அனுமானிக்கலாம்.

அப்படியானால் ஒரு வாட் ஆம்ப்ளிஃபயர் போதுமா? இங்கேதான் கருதுகோள் கால் இடறுகிறது. மீட்டர் காட்டுவது சராசரி. மிருதங்கத்தில் வலந்தலை 'தீம்' என்று விழும் கணம் மீட்டரின் முள்ளுக்கு அகப்படாது. நல்ல பதிவில் அந்த உச்சங்கள் சராசரியைவிட இருபது டெசிபெல் வரை தாவும். இருபது டெசிபெல் என்றால் நூறு மடங்கு. கால் வாட்டை நூறால் பெருக்கினால் இருபத்தைந்து. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளின் முதல் எண் அதுவேதான். தாளை எழுதியவருக்கும் ஓர் அடுப்படி இருந்திருக்க வேண்டும். நம் காலத்துச் சினிமாப் பாட்டுகள் பலவற்றில் மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டமாக அமுக்கித் தருவதால், அவற்றுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடப் போதும்.

உச்சத்துக்கு எட்டாத ஆம்ப் என்ன செய்யும்? அலையின் தலையைச் சீவிவிடும். மலைபோல் எழ வேண்டியது மேசைபோல் தட்டையாக நிற்கும். இதற்குக் கிளிப்பிங் என்று பேர். அப்படிச் சீவின அலையைத் தொடர்ந்து அனுப்பினால், பாவம், முதலில் கருகுவது மேல்சுருதிகளைப் பாடும் குட்டிக் கூம்பான ட்வீட்டர். சின்ன ஆம்ப்பை முழுக்கத் திருகி வைத்துக் கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருகல் வாசம் தெரியும்.

ஓம்

இத்தலைப்பைக் கண்டு கை கூப்பியவர்கள் மன்னிக்க வேண்டும். இது பிரணவம் அல்ல. 1827-இல் மின்னோட்ட விதியை வெளியிட்ட ஜெர்மானியர் கியோர்க் ஓம் பெயரால் அமைந்த அலகு.

எட்டு ஓம் என்று தாளில் எழுதியிருந்தாலும் ஸ்பீக்கர் எப்போதும் எட்டையே ஜபித்துக்கொண்டிருப்பதில்லை. சுருதிக்குச் சுருதி அது மாறும். கீழே ஓரிடத்தில் முப்பதுக்கு ஏறும், இன்னோரிடத்தில் ஐந்துக்குச் சரியும். குறைந்தபட்ச மதிப்பு, தாளில் சொன்னதில் எண்பது சதவீதத்துக்குக் கீழே போகலாகாது என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் விதித்திருக்கிறது. எட்டு என்று எழுதினால் 6.4-க்குக் கீழே இறங்கக்கூடாது. எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த விதியைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

ஓம் குறையக் குறைய பைப் அகலமாகிறது, கரன்ட் கொட்டுகிறது. இருபது வோல்ட்டை எட்டு ஓமில் விட்டால் இரண்டரை ஆம்பியர் ஓடும். நான்கு ஓமில் ஐந்து. அதைக் கொடுக்கத் தெம்பில்லாத ஆம்ப் சூடாகும், அல்லது பாதுகாப்பு ரிலே 'டிக்' என்று விழுந்து மௌனம் காக்கும். பிபிசியின் 15 ஓம் பெட்டிக்கு நேர்மாறான சங்கடம். எட்டு ஓமில் 25 வாட் தரும் ஆம்ப், அதே வோல்ட்டில் அதற்குப் பதின்மூன்று வாட் சொச்சம்தான் கொடுக்க முடியும்.

இதில் வால்வு ஆம்ப் பிரியர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். வால்வு ஆம்ப்கள் பலவற்றின் வாசலிலேயே ஓர் ஓம் அளவுக்கோ அதற்கு மேலோ சொந்தத் தடை உட்கார்ந்திருக்கும். ஸ்பீக்கர் ஆறு ஓமில் இருக்கும் சுருதியும் முப்பதில் இருக்கும் சுருதியும் அந்த வாசலைத் தாண்டி வரும்போது ஒரு டெசிபெல் ஏற்றத்தாழ்வு பெற்றுவிடும். காதுக்குத் தெரியக்கூடிய வித்தியாசம் அது. 'வால்வில் ஒரு கதகதப்பு இருக்கிறது' என்பவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கதகதப்புக்குக் கணக்கு இருக்கிறது என்பதுதான் அவருக்குப் பிடிக்காது.

வாட் பெருக்க இயக்கம்

தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலும் ஊர்ச் சந்தைகளிலும் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்களுக்குப் 'பிஎம்பிஓ' என்ற நான்கு எழுத்து நினைவிருக்கும். கைக்கடக்கமான டூ-இன்-ஒன், முகத்தில் வெள்ளி ஸ்டிக்கர், அதில் ஆயிரம் வாட் பிஎம்பிஓ. பின்னால் அடாப்டர் செருகும் துளைக்குப் பக்கத்தில் மட்டும் உண்மை பொடி எழுத்தில் பதுங்கியிருக்கும்: 12 வோல்ட், 1 ஆம்பியர். உள்ளே போவதே பன்னிரண்டு வாட். வெளியே வருவது ஆயிரம். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்கு ஆனதற்கு அப்புறம் நடந்த பெரிய அற்புதம் இதுதான்.

இந்த அற்புதத்தை அமெரிக்கர்கள் முன்பே கண்டு சலித்திருந்தார்கள். அங்கே விளம்பரங்களில் வாட் கட்டுக்கடங்காமல் பெருகிப்போய், 1974-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு விதி வகுத்தது. எத்தனை ஓமில், எந்தச் சுருதி முதல் எந்தச் சுருதி வரை, எவ்வளவு டிஸ்டார்ஷனுக்குள் என்று சொல்லாமல் வாட்டைச் சொல்லக்கூடாது. அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றவும் வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பல ஆம்ப்களின் வாட் இளைத்துப்போனது.

அற்புதம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆன்லைனில் இன்று சோப்புப் பெட்டி அளவுக் கிளாஸ்-டி ஆம்ப் கிடைக்கிறது. 'முந்நூறு கூட்டல் முந்நூறு வாட்' என்று விளம்பரம். கூட வரும் அடாப்டரில் 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 160. அறுநூறு எங்கிருந்து வந்ததென்றால், உள்ளே இருக்கும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 என்ற சில்லு, ஐம்பது வோல்ட்டுக்கும் மேலான சப்ளையில், நான்கு ஓமில், பத்து சதவீத டிஸ்டார்ஷனோடு தரவல்ல எண் அது. பத்து சதவீதம் என்றால் பாடகருக்குத் தொண்டை கட்டிய நிலை. சில்லு பொய் சொல்லவில்லை. அதன் தயாரிப்பாளர் எல்லா நிபந்தனையையும் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பெட்டியில் அச்சிட்டவருக்கு நிபந்தனை போட இடம் போதவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சோப்புப் பெட்டியின் மெய்யான வாட் எதுவானாலும் மாம்பலத்துக் கால் வாட்டுக்கு அது தாராளம்.

முன்னோர் மொழிந்தவை

ஆம்ப்புக்கு ஆம்ப் ஒலி மாறுமா என்பதில் இரு கட்சிகள். இந்த வழக்கு கோர்ட்டுக்குப் போகாதது ஒன்றுதான் குறை.

1978-இல் இங்கிலாந்தின் குவாட் கம்பெனி, தான் வெவ்வேறு காலங்களில் செய்த மூன்று ஆம்ப்களை ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியல் நிபுணரிடம் கொடுத்தது. ஒன்று ஐம்பதுகளின் வால்வு, மற்ற இரண்டும் டிரான்சிஸ்டர். எது ஓடுகிறதென்று சொல்லாமல் கேட்பவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முடியவில்லை. புதிதாக வாங்க எந்த அவசியமும் இல்லை என்று காட்டும் சோதனையை ஆம்ப் விற்கிற கம்பெனியே நடத்திக்கொண்டது வணிக வரலாற்றில் அரிய காட்சி. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை இருபத்தைந்து பேரை உட்கார வைத்து, 220 டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஜோடி வரை மாற்றி மாற்றிப் போட்டது. பூவா தலையா போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வந்திருக்கும்.

இவற்றையெல்லாம்விடச் சுவையானது 1985-இல் நடந்தது. பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், எவ்வளவு விலை உயர்ந்த ஆம்ப்பைக் காட்டினாலும் அதன் ஒலியைத் தம் மலிவு டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இரண்டே நாளில் கொண்டுவருவதாகச் சவால் விட்டார். நியூ மெக்சிகோவில் இருந்த 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகை, மரபின் காவலரல்லவா, சவாலை ஏற்று ஒரு பிரமாண்ட வால்வு ஆம்ப்பைக் கொண்டுவந்து வைத்தது. அதன் பெயரை அப்போது வெளியிடவில்லை. கார்வர் செய்தது எளிய தந்திரம். இரண்டு ஆம்ப்புக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, இரண்டின் வாய்க்கும் நடுவே ஒரு ஸ்பீக்கரைக் கட்டினார். இரண்டும் ஒரே மாதிரி பாடினால் நடுவிலுள்ள ஸ்பீக்கருக்கு வேலையே இல்லை. வித்தியாசம் மட்டும்தான் அதில் கேட்கும். சண்டையை மட்டும் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரர்போல. முதலில் நன்றாகவே கேட்டது. கார்வர் சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டு தம் ஆம்ப்புக்குள் ரெசிஸ்டரை மாற்றினார், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஓம் இயலில் சொன்ன அந்த வாசல் விவகாரமும் அதில் அடக்கம். மெல்ல மெல்ல நடு ஸ்பீக்கர் முணுமுணுப்பாகி, பிறகு ஓய்ந்தது. பத்திரிகைக்காரர்கள் தங்கள் பழகின அறையில், பழகின பாட்டுகளைப் போட்டுக் கேட்டு, எது எதுவென்று சொல்ல முடியவில்லை என்று அந்த அக்டோபர் இதழில் தாங்களே எழுதினார்கள். அதன் பிறகும் அந்தப் பத்திரிகை ஆம்ப் விமர்சனங்களை வெளியிடுவதை நிறுத்திவிடவில்லை.

களப்பணி

ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை ஆய்வாளர் ரிச்சி தெருவுக்குப் போனார். அண்ணா சாலையிலிருந்து திரும்பி, நரசிங்கபுரம் தெருவின் தேங்கிய நீரைத் தாண்டி, வயர்ச் சுருள்கள் தோரணமாகத் தொங்கும் ஒரு சின்னக் கடை. கல்லாவுக்குப் பின்னால் ஐம்பது வயதுக்காரர், காதில் பென்சில்.

"இருபத்தஞ்சுலேருந்து நூறு வாட்டுக்குள்ள ஒரு ஆம்ப் வேணும்."

"வாட்ட வுடுங்க சார். அது யார் வேணா எழுதலாம். ஸ்பீக்கர் எத்தன ஓமு?"

"எட்டு."

"வீட்டுக்குத்தான? மண்டபத்துக்கு இல்லியே? எம்மாந்தூரத்துல உக்காருவீங்க?"

"எட்டு அடி."

கோயம்புத்தூர் மரபு கூவம் கரையிலும் உயிரோடிருப்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டார். கடைக்காரர் மூடியில்லாத ஓர் அசெம்பிள் செட்டை எடுத்து முன்னால் வைத்தார். விரல் ஐசியைத் தொடாமல் நேரே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனது.

"இத்தப் பாருங்க. இருபத்துநாலு சைபர் இருபத்துநாலு, அஞ்சு ஆம்ப்ஸ். ஃபுல் காப்பர். அலுமினியத்துல கட்டிக் குடுப்பாங்க, ரேட்டு கம்மி, வெயிட்டும் கம்மி. அது மூச்சு வாங்கும் சார். ஆம்ப் வாங்கும்போது ரெண்டு கையால தூக்கிப் பாருங்க. அவ்ளோதான் டெஸ்டு."

நாற்பத்தெட்டு வோல்ட், ஐந்து ஆம்பியர், இருநூற்று நாற்பது. உள்ளே போவது இவ்வளவு என்று தெரிந்தால் வெளியே வருவதில் யாரும் ஏமாற்ற முடியாது. மூன்று இயல்களாக இக்கட்டுரை சுற்றிவந்த இடத்துக்கு அவர் ஒரு பென்சில் நுனியில் வந்து சேர்ந்தார்.

ஆனால் ஆய்வாளர் வாங்கியது அதையல்ல. கடை மூலையில் பழைய விசிஆர்களுக்கு அடியில் ஒரு ஜப்பான் ஆம்ப் தூசியோடு கிடந்தது. தொண்ணூறுகளின் சரக்கு. முதுகில் எட்டு ஓமுக்கு நாற்பது வாட் என்று அடக்கமாக அச்சிட்டிருந்தது. இரண்டு கையால் தூக்கிப் பார்த்தார். ஒன்பது கிலோ, சோதனையில் தேர்ச்சி. வால்யூமைத் திருகினால் மணல் கொட்டுவதுபோல் கரகரத்தது. கடைக்காரர் குமிழைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனரை இரண்டு பீச்சுப் பீச்சி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தரம் திருப்பினார். மணல் நின்றது.

ஆய்வு முடிவுகள்

கார்த்திகையில் ஆம்ப் கூடத்துக்கு வந்தது. ஸ்பீக்கர்களை முறைப்படி சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்து, இரண்டு முக்காலிகள் மேல் நிறுத்தினார்கள். துடைப்பத்துக்கு வழியில்லை என்ற ஆட்சேபம் பதிவுசெய்யப்பட்டது. அலமாரியில் காலியான நாலாம் தட்டில் ஆம்ப் உட்கார்ந்தது. மேலே காற்றுப் போக இடம் வேண்டுமென்று மூன்றாம் தட்டிலிருந்த புத்தகங்கள் பரணுக்கு ஏறின.

இது கிளாஸ்-ஏபி வகை. பாடாமல் சும்மா இருக்கும்போதே சுவரிலிருந்து முப்பது வாட் சொச்சம் இழுத்து, அத்தனையையும் சூடாக மாற்றும். கால் வாட் இசைக்கு முப்பது வாட் வெந்நீர் அடுப்பு. சோப்புப் பெட்டிக் கிளாஸ்-டி என்றால் தொட்டால் சில்லென்று இருந்திருக்கும். சிக்கனத்தில் தாம் கோட்டைவிட்டதை உணர்ந்து, இந்தக் குறையை ஆய்வேட்டில் எப்படி மறைப்பது என்று ஆய்வாளர் யோசித்துக்கொண்டிருந்தபோது மார்கழி பிறந்தது.

மார்கழியில் மாம்பலத்தில் தோசை மாவு புளிக்காது. இரண்டு நாள் ஆனாலும் கல்லுப்போல் கிடக்கும். மூன்றாம் தேதி இரவு, ஆம்ப் தட்டுக்கு மேல்தட்டில் வெதுவெதுப்பு இருப்பதை அடுப்படித் தரப்பு கைவைத்துக் கண்டறிந்தது. அன்றிரவு பத்து மணிக்கு எவர்சில்வர் தூக்கு ஒன்று, பொங்கி வழிந்தால் 230 வோல்ட்டில் கலந்துவிடாதபடி அடியில் அகலத் தாம்பாளத்தோடு, மூன்றாம் தட்டில் குடியேறியது. "ராத்திரி அதை ஆஃப் பண்ண வேணாம், ஏதாவது பாட்டு மெதுவாப் போட்டு விடுங்க" என்று முதல் தடவையாக அனுமதி வந்தது. மீட்டரில் 0.2 வோல்ட். விடிந்தபோது மாவு தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

மைத்துனர் பொங்கலுக்கு வந்தபோது ஸ்பீக்கரை எடுத்துப்போவதாகச் சொன்னார். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் ஆம்ப் இங்கேயேதான் இருக்கும் என்று உள்ளிருந்து பதில் வந்தது.